காபிப் பழப் பறிப்புக்காகப் பள்ளிக்கு வராமல் நிற்கும் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவருவது எப்படி

திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கம், காபிப் பழம் நவம்பரில் சிவக்கும்; பறிப்பு ஜனவரி வரை போகும். அரையாண்டுத் தேர்வும் அந்த டிசம்பரில்தான் வருகிறது. ஆகவே ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் அக்டோபர் கடைசியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் போன வருட வருகைப் பதிவேட்டில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை புரட்டுங்கள். அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் ஒரே நாட்களில் வரவில்லை என்றால் குடும்பமே தோட்டத்துக்குப் போயிருக்கும். அக்கா மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் வீட்டில் கைக்குழந்தை இருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்வதை யாரும் உழைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தப் பெண் பிள்ளையின் படிப்பில் விழும் ஓட்டை அதே அளவுதான்.

தோட்டத்துப் பேரேட்டில் பிள்ளையின் பெயரைத் தேடிப் பயனில்லை. கிலோ கணக்கில் கூலி தரும் இடத்தில் பிள்ளை பறித்த பழமும் அம்மாவின் சாக்கில்தான் விழும். எடை ஒன்று, பெயரும் ஒன்று.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் அன்று மாலையே வீட்டுக்குப் போங்கள். ஆறு மணிக்கு மேல்தான் பெற்றோர் இருப்பார்கள்; காட்டுமாடு நடமாடும் நேரம் என்பதால் இருவராக, டார்ச்சோடு போகவும். "ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்டால் "காய்ச்சல்" என்பதே பதிலாக வரும். "பறிப்பு இன்னும் எத்தனை நாள்? சின்னதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? முன்பணம் ஏதும் வாங்கினீர்களா?" என்று கேளுங்கள். கைக்குழந்தைதான் காரணம் என்றால் அங்கன்வாடியைக் கேளுங்கள். பெரிய தோட்டமாக இருந்தால் பிள்ளைக் காப்பகம் நடத்துவது நிர்வாகத்தின் சட்டக் கடமை. முன்பணத்துக்காகக் குடும்பம் கட்டுப்பட்டுக் கிடந்தால் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும்; கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சட்டத்தைச் சரியாகச் சொல்லுங்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆபத்தில்லாத சொந்தக் குடும்ப வேலையில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம். அடுத்தவர் தோட்டத்தில் பறிப்பது இதில் சேராது. வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தோட்ட வாசலில் நின்று வாதாட வேண்டாம். அதன் பலனைக் கூலிக்குப் போகும் அந்தக் குடும்பம்தான் அனுபவிக்கும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

திரும்பச் சேர்க்க, கல்வி உரிமைச் சட்டத்தின்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமும் வயதுச் சான்று இல்லாததும் தடையில்லை. வயதுக்குரிய வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை இரண்டாம் வகுப்பில் போட்டால் அடுத்த வாரமே வெட்கப்பட்டு நின்றுவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். விட்டுப்போன நோட்டை எல்லாம் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். கை வலிக்கும், எதுவும் ஏறாது. அதற்குப் பதில் மூன்று சோதனை வையுங்கள்: மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கட்டும், 402-இல் 167 கழிக்கட்டும், 84-ஐ 4-ஆல் வகுக்கட்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்து தினம் 40 நிமிடம். கணக்கில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது நிற்காது. வகுத்தல் நடத்திய நான்கு வாரமும் பறிப்புக்குப் போன பிள்ளைக்குப் பின்னம் புரியவே புரியாது; "கணக்கு வராது" என்ற பெயர் மட்டும் நிலைத்துவிடும். மூன்றாம் பாடவேளையில் தூங்கினால் திட்டாதீர்கள், விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்தது என்று கேளுங்கள்.

பொங்கல் விடுமுறை முடியும் நாளைக் குறித்து வையுங்கள். காபி ஓயும்போது மிளகு தொடங்கும். திரும்பி வந்த பிள்ளை மறுபடி நழுவுவது அப்போதுதான்.

பெண் பிள்ளையின் அம்மாவிடம் புதுமைப்பெண் திட்டத்தைச் சொல்லுங்கள்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. ஜூன் முதல் வாரத்தில் அவர்கள் பெயர்களைப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஒவ்வொன்றாகத் தேடி, ஒன்பதாம் வகுப்பில் சேராதவர் வீட்டுக்கு அந்த வாரமே போய்விடுங்கள்.