ரெய்டு 5 நாஸ் பெட்டியில் நான்காவது டிஸ்க் சேர்ப்பது எப்படி?

நாலு பே (டிஸ்க் செருகும் இடம்) உள்ள நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் ஃபைல் வைக்கும் பெட்டி. 4 டிபி டிஸ்க் மூன்று, ரெய்டு 5: ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதும் முறை. ஒரு டிஸ்க் அளவு பேரிட்டிக்கு (போன டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) போக, கையில் 8 டிபி. இன்னொரு 4 டிபி போட்டால் 12 ஆகும். திரையில் 10.9 என்று காட்டினால் பதற வேண்டாம்: டிஸ்க் கம்பெனி 1000-ஆல் கணக்குப் போடுகிறது, பெட்டி 1024-ஆல்.

வாங்கப் போகும் முன், இருக்கும் இடமே போதுமா என்று பார்க்க ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டரின் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லையென்றால் பழைய ஸ்னாப்ஷாட் (முந்தைய நிலையின் பதிவு) பிடித்து வைத்திருக்கும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்க வேண்டியது, "இது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா?" சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று ஏறியிருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க் நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும், ரெய்டு விரிவாக்கமோ முழுக்க அந்த வேலைதான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருப்பது 2020-ல் வெளியே வந்தது. ரெட் பிளஸ் என்றால் சிஎம்ஆர். இருப்பதைவிடச் சிறிய டிஸ்க் சேராது. 8 டிபி போட்டாலும் ரெய்டு 5-ல் 4 டிபிதான் பயன்படும். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு, கடையிலேயே வாரண்டி பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேக்கப். ரெய்டு இருக்கிறதே என்று இதை மட்டும் விடாதீர்கள். விரிவாக்கத்தில் பழைய டிஸ்க்குகளின் எல்லாப் பகுதியும் படிக்கப்பட்டு, திரும்ப எழுதப்படும். தளர்ந்த டிஸ்க் கைவிடுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போச்சு. அதனால் பழைய மூன்றின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) பாருங்கள். கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளிலும் மூல மதிப்பு (raw value) பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறியிருந்தால் முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள், விரிவாக்கம் பிறகு.

புது டிஸ்க்கை டிரேயில் திருகி, ஹாட் ஸ்வாப் வசதி (அணைக்காமல் டிஸ்க் மாற்றுவது) இருந்தால் ஓடும்போதே 'கிளிக்' என்று உட்காரும் வரை தள்ளுங்கள். ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய மணிநேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது பழைய சரக்கு, திருப்பிக் கொடுங்கள். நீண்ட ஸ்மார்ட் சோதனையும் ஓட்டுங்கள். ராத்திரி விட்டால் காலையில் தெரியும்.

இனி பெட்டியின் அமைப்புத் திரையில் ஸ்டோரேஜ் பூலில் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பு) 'டிஸ்க் சேர்' கொடுங்கள். ஒரு நாளோ அதற்கு மேலோ ஓடும். மின்வாரியம் உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளைத் தவிருங்கள். யூபிஎஸ் கட்டாயம், அதன் யூஎஸ்பி வயரை நாஸில் செருகினால்தான் பேட்டரி தீரும் முன் பெட்டி ஒழுங்காக அணையும். கத்திரி வெயிலில் செய்தால் டிஸ்க் சூடு 45 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள்.

முடிந்த பிறகும் பழைய அளவையே காட்டுகிறதா? பூல்தான் பெரிதாகியிருக்கிறது. அதற்குள் ஃபைல்கள் இருக்கும் பகுதியான வால்யூமைத் தனியாக விரிவாக்க வேண்டும். சில பெட்டிகள் தாமாகச் செய்யும், சிலவற்றில் நாம்தான் பொத்தானை அழுத்த வேண்டும். சில நிமிட வேலை. கடைசியாக டேட்டா ஸ்க்ரப்பிங் (எழுதியது பிழையில்லாமல் இருக்கிறதா என்ற முழுச் சோதனை) ஒருமுறை ஓட்டி, 80 சதவீதம் நிரம்பினால் மின்னஞ்சல் வரும்படி வையுங்கள்.