செவிலியருக்கு எந்தப் பயிற்சி தேவை என்று கண்டறிவது எப்படி?

பல மருத்துவமனைகளில் செவிலியருக்கான தொடர்கல்வி வகுப்புகள், பேச வர யார் ஒப்புக்கொண்டார் என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன. வார்டில் எது தெரியாமல் வேலை தடுமாறுகிறது என்பதிலிருந்து தொடங்க விரும்பும் கண்காணிப்பாளர்கள், ஆண்டுத் திட்டம் எழுதுவதற்கு முன் ஒரு மாதத்தை அதைக் கண்டறிவதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

முதலில் பதிவேடுகளைப் பாருங்கள். மருந்துப் பிழை, நோயாளி கீழே விழுந்தது, படுக்கைப்புண், ஊசி குத்திக்கொண்டது ஆகியவை பற்றிக் கடந்த ஆறு மாதங்களில் வந்த அறிக்கைகளை வார்டு வாரியாகவும் ஷிப்டு வாரியாகவும் பிரித்துவையுங்கள். ஓர் அறிக்கைகூட வராத வார்டில் பிழையே நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சமும் அங்கே இருக்கலாம்.

அடுத்தது நேரில் பார்ப்பது. எந்தத் தலைப்பில் வகுப்பு வேண்டும் என்று படிவம் கொடுத்துக் கேட்பது எளிதுதான். ஆனால் தமக்குத் தெரியாது என்பதையே அறியாத ஒன்றை யாரும் அதில் எழுத மாட்டார்கள். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பியாகவும் 100 அலகு கொண்ட குப்பியாகவும் வருகிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதன் கோடுகளைப் பார்த்து எடுத்தால், நோயாளிக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். எனவே இரு வகைக் குப்பிகளையும் சிரிஞ்சுகளையும் ஒரே தட்டில் வைத்து, ஒரு குப்பியைக் காட்டி, இதிலிருந்து 20 அலகு எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். பத்துக் கேள்வித் தேர்வில் வெளிப்படாதது அந்த இரண்டு நிமிடத்தில் வெளிப்படும்.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் பயிற்சியையும் இவ்வாறே பொம்மையில் செய்யச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டரைத் தாண்டாமலும் அழுத்த வேண்டும் என்பதை மனப்பாடமாகச் சொல்பவர்களும் செய்யும்போது பிசகுவதுண்டு. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியானாலும் கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதால், எப்போதோ ஒரு முழுநாள் வகுப்பு நடத்துவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டிலேயே சிறிது நேரம் பழகுவதே பயன் தரும்.

கண்ட குறைகள் எல்லாவற்றுக்கும் வகுப்பு மருந்தாகாது. படுக்கையருகே கைகழுவும் திரவமே இல்லாத வார்டில் கைச்சுத்தம் பற்றி எத்தனை முறை பேசினாலும் நிலைமை மாறாது. அதற்குக் கொள்முதல் பிரிவுக்குத்தான் கடிதம் எழுத வேண்டும். எஞ்சியவற்றில், நோயாளிக்கு அதிகத் தீங்கு விளைவிப்பவையாகவும் அடிக்கடி நேர்பவையாகவும் உள்ள மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும் முன், புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் ஒப்பந்தச் செவிலியரிடமும் எங்கே தடுமாறுகிறார்கள் என்று மூத்தவர்கள் இல்லாத இடத்தில் தனியே பேசுவது அவசியம்.

ஒரே வகுப்பை மூன்று ஷிப்டுக்கும், பொறுப்பு ஒப்படைப்பையொட்டி, இருபது நிமிடத்துக்கு மிகாமல் திரும்பத் திரும்ப நடத்துங்கள். இரவுப் பணி முடித்தவரை நண்பகல்வரை உட்காரவைத்தால் அவர் தலையாட்டுவார், கற்க மாட்டார்.

மூன்று மாதம் கழித்து அதே தட்டை மீண்டும் வைத்துப் பாருங்கள். கைகள் சரியாகச் செய்தும் பதிவேட்டில் அதே பிழை தொடருமானால், வார்டின் குளிர்பெட்டியைத் திறந்து, இரு வகைக் குப்பிகளும் ஒரே டப்பாவில் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.