உருதுவில் முதல் அறிமுகம்: எதிர்வீட்டுக் காலா சொல்லித் தந்தது

ஹைதராபாத் மெஹ்திப்பட்டணத்தில் நாங்கள் குடிவந்த முதல் வாரம், எதிர்வீட்டுப் பெரியம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்து, "ஆப் கீ தாரீஃப்?" என்று கேட்டார். தாரீஃப் என்றால் பாராட்டு என்றுதான் எனக்குத் தெரியும். திகைத்து நின்றேன். 'நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?' என்று மரியாதையாகக் கேட்பதும் அதே சொல்தானாம். பெயரைச் சொன்னால் போதும்: "மேரா நாம் வசந்தி ஹை."

பிறகு அவரைக் காலா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அம்மாவின் சகோதரியை அழைக்கும் முறை அது.

முதலில் வணக்கம். ஒருவர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் "வ அலைக்கும் அஸ்ஸலாம்" என்று பதில் சொல்லுங்கள். எந்த மதத்தவருக்கும் பொதுவாகச் சொல்ல "ஆதாப்" இருக்கிறது. லேசாகத் தலை குனிந்து, வலது கையை நெற்றியருகே கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் ஊரும் வீடும். "மைன் சென்னை ஸே ஹூன்" என்றால் நான் சென்னையிலிருந்து வருகிறேன். மைன், ஹூன் இரண்டிலும் கடைசி 'ன்' நாக்கில் படாமல் மூக்கிலேயே கரைய வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அடுத்த வாக்கியத்தில். தமிழில் 'இருக்கிறேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். உருதுவில் அப்படி இல்லை. ஆண் "ரஹ்தா ஹூன்" என்பார், பெண் "ரஹ்தீ ஹூன்" என்பார். அலுவலகத்தில் ஆண்கள் பேசுவதைக் கேட்டே கற்றதால், நானும் மாதக்கணக்கில் 'ரஹ்தா' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். காலாதான் திருத்தினார். அதனால் பெண்கள் பெண்களிடமும் ஆண்கள் ஆண்களிடமும் கேட்டுப் பழகுவது நல்லது. "மைன் மெஹ்திப்பட்டணம் மேன் ரஹ்தீ ஹூன்" என்று பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எதிரில் இருப்பவர் சின்னவராக இருந்தாலும் முதல் சந்திப்பில் 'ஆப்' (நீங்கள்) என்றே பேசுங்கள். 'தும்' (நீ) பழகிய பிறகு. மிக நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்லும் 'தூ' பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம்.

உச்சரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. சாப்பாடும் 'கானா', பாட்டும் 'கானா'. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்துச் சொல்லுங்கள். சாப்பாட்டைச் சொல்லும்போது 'க' அழுத்தமாக வந்து, கையில் காற்று மோத வேண்டும். பாட்டுக்கு மோதாது, 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய 'க' போதும்.

ஹைதராபாத்தில் 'ஆமாம்' என்பதற்கு "ஹௌ", 'வேண்டாம்' என்பதற்கு "நக்கோ" என்று காதில் விழும். அது தக்னி, இந்த மண்ணின் அழகான பேச்சு. புரிந்துகொள்ளுங்கள், ஆனால் புதியவரிடம் "ஜீ ஹான்", "ஜீ நஹீன்" என்று சொல்வதுதான் பணிவு.

சொற்களைப் பற்றிப் பயமே வேண்டாம். வக்கீல், தயார், அசல், நகல், பாக்கி எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருப்பவைதான்.

விடைபெறும்போது "ஆப் ஸே மில் கர் குஷீ ஹுயீ", உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு, "குதா ஹாஃபிஸ்" சொல்லுங்கள். ஆனால் அதற்குள் அவர் "தஷ்ரீஃப் ரக்கியே" என்று சொல்லிவிட்டால் கிளம்ப முடியாது. உட்காருங்கள் என்று அர்த்தம், சாய் வந்துகொண்டிருக்கும்.