சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன்: ஆங்கில பெர்ஃபெக்ட் டென்ஸ் பழகும் வழி

டென்ஸ் என்றதும் பலருக்குப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் போட்ட அந்தப் பன்னிரண்டு கட்டங்கள்தான் ஞாபகம் வரும். மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருப்போம். ஆனால் பேச வாயெடுத்தால் ஹேவ் எங்கே, ஹேட் எங்கே என்று தடுமாறும். அந்தக் கட்டங்களை மறந்துவிடுங்கள். பெர்ஃபெக்ட் டென்ஸை நாம் தமிழில் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இரு'தான் அது. இந்த 'இரு'வைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதியில் இதே 'இரு' காலை வாரிவிடும். அது எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

பெர்ஃபெக்ட் என்றால் 'குறையே இல்லாத' என்று இங்கே அர்த்தம் இல்லை. லத்தீனில் 'செய்து முடித்த' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

படி 1: வினையின் மூன்றாம் வடிவம்

கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். இதில் மூன்றாவதாக வருவது மட்டும்தான் ஹேவ், ஹேஸ், ஹேட் பக்கத்தில் உட்காரும். 'ஐ ஹேவ் வென்ட்', 'ஐ ஹேவ் கேம்' இரண்டும் தப்பு. 'ஐ ஹேவ் கான்', 'ஐ ஹேவ் கம்' என்பதே சரி. ஒரே நாளில் நூறு வினைகளை உருப்போட வேண்டாம். சீன், டன், கிவன், டேக்கன், ரிட்டன், ஈட்டன், கான், கம் என்று தினம் வாயில் வரும் பத்துப் பதினைந்து போதும்.

படி 2: இருக்கிறேன் என்றால் ஹேவ்

காலையில் கதவைத் திறக்கிறீர்கள். வாசல் ஈரம். 'மழை பெய்திருக்கிறது' என்கிறீர்கள். பெய்தபோது நீங்கள் பார்க்கவில்லை, ஆனால் அதன் அடையாளம் இப்போது கண்ணெதிரே இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதேதான்: 'இட் ஹேஸ் ரெயின்ட்.' நடந்தது முன்பு, அதன் பலன் இப்போது. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிறோமே, அது 'ஹேவ் யூ ஈட்டன்?' அமெரிக்கர்கள் இதையே 'டிட் யூ ஈட்?' என்று சாதாரண இறந்தகாலத்தில் கேட்பார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

ஹி, ஷி, இட் வந்தாலும், அவற்றின் இடத்தில் மதர், ட்ரெயின் போல ஒருமைப் பெயர் வந்தாலும் ஹேஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஹேவ். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

படி 3: 'இரு' ஏமாற்றும் மூன்று இடங்கள்

முதலாவது, காலத்தைக் குறிக்கும் சொல். 'நேற்றுகூட வந்திருக்கிறான்' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2015 என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே ஹேவ் வரக் கூடாது. 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' தப்பு, 'ஹி கேம் எஸ்டர்டே' சரி. நம்மில் பலர் அதிகமாகச் செய்யும் பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, காலமானவர்கள். 'பாரதியார் காசியில் வாழ்ந்திருக்கிறார்' என்றால் தமிழ்க் காதுக்கு உறுத்தவே உறுத்தாது. ஆனால் 1921-இல் மறைந்தவரை 'ஹேஸ் லிவ்ட் இன் காசி' என்று சொன்னால், ஆங்கிலம் கேட்பவருக்கு அவர் இன்னும் உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். 'பாரதியார் லிவ்ட் இன் காசி' என்று விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. 'அவன் மதுரைக்குப் போயிருக்கிறான்.' இப்போது மதுரையில் இருக்கிறானா, அல்லது எப்போதோ ஒருமுறை போய்வந்தவனா? தமிழில் சூழலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. இப்போது அங்கேதான் என்றால் 'ஹி ஹேஸ் கான் டு மதுரை.' போய்த் திரும்பியவன் என்றால் 'ஹி ஹேஸ் பீன் டு மதுரை.'

படி 4: பத்து வருஷமாக

இங்கே 'இரு' வராது, ஆனாலும் ஹேவ் வேண்டும். 'பத்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால், 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. சரியானது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.'

ஃபாரா, சின்ஸா என்ற குழப்பத்துக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. 'வருஷமாக', 'நாளாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். '2015-இலிருந்து', 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ்.

'தெரியும்' என்று பொருள்படும் நோ போன்ற வினைக்கு மட்டும் 'இங்' சேர்க்காதீர்கள். 'பத்து வருஷமாக அவரைத் தெரியும்' என்பது 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.'

படி 5: ஹேட், அளவோடு

ஹேட் வர வேண்டுமென்றால் கதையில் இரண்டு சம்பவங்கள் வேண்டும். 'நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் கிளம்பியிருந்தது.' இரண்டுமே நடந்து முடிந்தவை, அதில் முந்தியது ரயில் கிளம்பியது. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' முந்தியதற்கு ஹேட், பிந்தியதற்குச் சாதாரண இறந்தகாலம்.

இரண்டாவது சம்பவமே இல்லாமல் ஹேட் போடுவது நம் ஊர் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே' என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதினேன். அப்புறம் என்ன ஆயிற்று, இப்போது கோப்பு எங்கே என்று கேட்டுப் பதில் வந்தது. அனுப்பினேன் என்று மட்டும் சொல்ல 'ஐ சென்ட்' போதும். ஹேட் போட்டால் படிப்பவர் அடுத்த சம்பவத்துக்குக் காத்திருப்பார்.

'நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்' என்ற வகையிலும் ஹேட் வரும்: 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.' இருந்தால் என்பதற்கு ஹேட், இருப்பேன் என்பதற்கு வுட் ஹேவ். இஃப் இருக்கும் பாதியில் வுட் போடாதீர்கள்.

படி 6: வில் ஹேவ்

'நாளை பத்து மணிக்குள் முடித்திருப்பேன்': 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை டென் டுமாரோ.' 'க்குள்' என்பதற்கு பை. இதில் ஹி வந்தாலும் ஹேவ்தான், வில் ஹேஸ் என்று கிடையாது. பேச்சில் இது அதிகம் வராது. 'அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்' என்று ஊகமாகச் சொல்வதற்கு 'ஹி மஸ்ட் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்' என்றால் சரியாக இருக்கும்.

செய்து பாருங்கள்

கீழே உள்ள நான்கையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் விடையைப் பாருங்கள்.

1. இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன்.
2. இந்தப் படத்தைப் போன வாரம் பார்த்திருக்கிறேன்.
3. மூன்று மாதமாக ஆங்கிலம் படிக்கிறேன்.
4. அம்மா கடைக்குப் போயிருக்கிறார்.

முதலாவது, 'ஐ ஹேவ் சீன் திஸ் மூவி.' இரண்டாவதில் போன வாரம் வந்துவிட்டதால் ஹேவ் போய்விடும்: 'ஐ சா திஸ் மூவி லாஸ்ட் வீக்.' மூன்றாவது, 'ஐ ஹேவ் பீன் லேர்னிங் இங்கிலீஷ் ஃபார் த்ரீ மன்த்ஸ்.' நான்காவதற்கு 'மதர் ஹேஸ் பீன் டு தி ஷாப்' என்று சொல்லியிருந்தால், அம்மா ஏற்கெனவே பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். இன்னும் கடையில்தான் இருக்கிறார் என்றால் 'ஹேஸ் கான்.'