கார் இல்லாமல் சிட்னியிலிருந்து ஓரிரவுக் காட்டு நடை: திரும்பும் ரயிலிலிருந்து தொடங்குங்கள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், கார்தான் இல்லை. சிட்னிக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள், கூடாரம் சுமந்து காட்டுக்குள் தங்கிவிட்டு வருகிறவர்களின் கதைகளைக் கேட்டுப் பெருமூச்சு விட்டதோடு சரி. பிறகுதான் உறைத்தது. சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ராயல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1879இல். அதன் ஓரமாக வாட்டர்ஃபால் வரை ரயில் போட்டது 1886இல். ஊரில் கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே மக்கள் ரயிலேறிப் போன காடு அது. நான் மட்டும் காருக்காகக் காத்திருந்தேன்.

இங்கே புஷ்வாக் என்று சொல்லப்படும் இந்த நடையை ஓரிரவுப் பயணமாகத் திட்டமிடுவது எப்படி என்பதை, அதே பூங்காவில் இருக்கும் கோஸ்ட் டிராக் எனும் கடலோரப் பாதையை வைத்துச் சொல்கிறேன். பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்டு வரை 26 கிலோமீட்டர். ஒரு முனையில் படகுத்துறை, மறு முனையில் ரயில் நிலையம். கூடாரம் போடத் தெரியும், ஒரு நாள் நடை போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பாருங்கள்

எல்லாரும் முதலில் பாதையைத் தேர்ந்தெடுப்பார்கள், அடுத்து முகாமிடம் பதிவு செய்வார்கள், கடைசியில் ரயிலைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஞாயிறு மதியம் ஆட்ஃபோர்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது நடைமேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. முழங்கால் வரை சேறு, முதுகில் ஈரக் கூடாரம். பத்து நிமிடம் உட்கார்ந்து பிஸ்கட் தின்ற பிறகுதான் கம்பியில் கட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது: தண்டவாளப் பராமரிப்பு, இன்று முழுவதும் ரயிலுக்குப் பதில் பஸ். பஸ் எங்கே நிற்கும் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒன்று போய்விட்டது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. அறிவிப்பு முன்கூட்டியே வந்திருந்தது. நான் புதன்கிழமை உட்கார்ந்து, தேதியை மாற்றாமல், புதன்கிழமை நேரத்தையே பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்.

இந்த ஊரில் பராமரிப்பு வேலை பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும். நாம் காட்டுக்குப் போவதும் அப்போதுதான். ஆகவே பயண நேரம் காட்டும் இணையதளத்தில் நீங்கள் திரும்பும் தேதியையே போட்டுத் தேடுங்கள். விடையில் ரயில் சின்னத்துக்குப் பதில் பஸ் சின்னம் வந்தால் வேறு வாரத்துக்கு மாற்றுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு மறுபடி ஒரு முறை பாருங்கள்.

செயலிகளில் நான் பயன்படுத்துவது டிரிப்வியூ. நேர அட்டவணையைத் தொலைபேசியிலேயே சேமித்து வைத்திருப்பதால் சிக்னல் இல்லாத இடத்திலும் அடுத்த ரயிலைப் பார்க்கலாம். வரைபடத்தில் பஸ் ஊர்ந்து வருவதைக் காட்டும் அழகான செயலிகள் எல்லாம் நகருக்குள் சரி. மலையடிவாரத்தில் அவை வெறும் வெள்ளைத் திரை.

ரயில், பஸ் கட்டணம் செலுத்தும் ஓபல் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு நாள் கட்டணத்துக்கான உச்சவரம்பு மற்ற நாள்களைவிடக் குறைவு. பண்டீனா படகு தனி நிர்வாகம். அதற்கு எப்படிப் பணம் கட்டுவது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: முகாமிடம்

ரயில் உறுதியான பிறகு, பாதையில் இரவு தங்கும் இடமான நார்த் ஈரா முகாமுக்குத் தேசியப் பூங்கா இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயம், வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதே பக்கத்தில் பாதை மூடல் அறிவிப்புகளும் இருக்கும். மழைக்குப் பிறகு அவற்றைப் படிக்காமல் கிளம்பாதீர்கள்.

படி 3: வெளிச்சக் கணக்கு

சுமையோடு புதியவர் மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தால் நல்ல நடை. பண்டீனாவிலிருந்து நார்த் ஈரா ஏறக்குறைய 18 கிலோமீட்டர், அதாவது 6 மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, வழியில் வரும் வாட்டமோலாவில் கால் நனைப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணி நேரம். சிட்னியின் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலில் குரோனல்லா, அங்கிருந்து அரை மணி நேரப் படகு. 9 மணிக்குப் பண்டீனாவில் இறங்கினாலும் ஊரைத் தாண்டிப் பாதையைத் தொடும்போது 9.30 ஆகிவிடும். கூட்டிப் பாருங்கள்: மாலை 5 மணி.

ஜூன் மாதத்தில் சிட்னியில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆக, குளிர்காலத்தில் புதியவருக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. செப்டம்பரில் சரியாக வரும். கோடையில் வெளிச்சம் தாராளம். ஆனால் நிழலே இல்லாத பாறைமேட்டில் மண்டை காய்ந்துவிடும்.

எந்த முனையில் தொடங்குவது என்று கேட்டால், பண்டீனா என்பேன். நீண்ட பகுதி முதல் நாளே முடிந்துவிடுகிறது. மறுநாள் 8 கிலோமீட்டர்தான் பாக்கி. பாம் ஜங்கிள் பகுதியில் ஏற்றம் மூச்சு வாங்கும். என்றாலும் காலை 9 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 1 மணிக்குள் ஆட்ஃபோர்டு. ரயில் ஒன்று தவறினாலும் வீட்டுக்குப் போய்விடலாம். தலைகீழாகப் போனால் 18 கிலோமீட்டர் நடந்த களைப்போடு கடைசிப் படகைத் துரத்த வேண்டியிருக்கும்.

முதல் தடவையே 26 கிலோமீட்டர் பயமாக இருந்தால் ஆட்ஃபோர்டிலிருந்து நார்த் ஈரா போய் அதே வழியில் திரும்புங்கள். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

படி 4: மூட்டை

பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகாமல் பாருங்கள். அதில் 3 கிலோ தண்ணீரே எடுத்துக்கொள்ளும். முகாமில் குடிநீரை நம்பிப் போகக் கூடாது. ஓடைத் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். கனத்த தோல் பூட்ஸ் வேண்டாம். பழகிய ஓட்டக் காலணி போதும். பல கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

பொட்டலத்தில் உலர்ந்த விலை உயர்ந்த உணவை ஒரு முறை வாங்கினேன், மறுமுறை வாங்கவில்லை. முதல் நாளுக்குப் புளியோதரை, காலைக்கு அவல், வெல்லம். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். கட்டையில் தீ மூட்டும் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை காட்டுத்தீ அபாயக் காலம். முழுத் தீத் தடை நாளில் நான் பயணத்தையே தள்ளிப்போடுவேன்.

மிச்ச உணவைக் கூடாரத்துக்கு வெளியே வைக்காதீர்கள். இந்தப் பூங்காவில் ரூசா மான்கள் உண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. நள்ளிரவில் கூடாரத் துணிக்கு ஒரு சாண் தள்ளி, ஏதோ ஒன்று புல்லைப் பறித்து மெல்லும் சத்தம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். டார்ச்சைத் திருப்பினால் இரண்டு பச்சைக் கண்கள். அது மெல்லுவதை நிறுத்தவே இல்லை.

படி 5: யாராவது ஒருவருக்குத் தெரியட்டும்

பாதை, முகாம், ஞாயிறு எத்தனை மணிக்குத் தொலைபேசியில் அழைப்பீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குன்றுகளுக்கு அடியில் சிக்னல் வரும், போகும். எமர்ஜென்சி பிளஸ் செயலியை ஏற்றி வையுங்கள். அவசர உதவிக்கு 000 அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தைப் படித்துச் சொல்ல அது உதவும். புளூ மவுண்டன்ஸ் பக்கம் போகிறவர்களுக்குக் கட்டூம்பா காவல் நிலையத்தில் அவசர அழைப்புக் கருவியை இலவசமாக இரவல் தருகிறார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் எழுதியதில் இரண்டு சிக்கல்கள் நான் யோசிக்காதவை.

முதலாவது, கடல் கொந்தளித்தால் படகு ஓடாமல் போகலாம். குரோனல்லாவில் நின்று விழிக்காமல், ரயிலில் திரும்பி சதர்லாந்தில் மாறி ஆட்ஃபோர்டு போய், மேலே சொன்ன குறுகிய வழியில் நடந்து திரும்புங்கள். முகாம் பதிவு வீணாகாது.

இரண்டாவது, வடக்கே வோண்டபைன் நிலையத்திலிருந்து கிரேட் நார்த் வாக் எனும் நீண்ட நடைப்பாதையைப் பிடிக்க நினைத்த ஒருவர், முன் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார். அங்கே நடைமேடை ஒரு பெட்டி நீளம்தான். சாலையும் கிடையாது, ஆகவே மாற்று பஸ்ஸும் வராது. கடைசிப் பெட்டியில் ஏறுங்கள், இறங்க வேண்டும் என்று கார்டிடம் முன்பே சொல்லுங்கள். திரும்பும்போது ஓட்டுநர் கண்ணில் படும்படி நின்று கையை நன்றாக ஆட்டுங்கள். வெட்கப்பட்டு நின்றால் ரயில் போய்விடும்.