வேலைக்குப் போற அம்மாக்களுக்கு: தாய்ப்பால் பம்ப் பண்ணி வைக்கிறது எப்படி, நேரடியா குடுக்கறதுக்கு அது ஈடாகுமா?

பிரசவ லீவு 26 வாரம்னு 2017-ல சட்டத்த மாத்துனாங்க, ஆனா அதுல 8 வாரத்த பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துட்டா திரும்ப வேலைக்குப் போறப்ப புள்ளைக்கு 6 மாசம் ஆகியிருக்காது, தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும். நான் மண்டபத்துல இருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ல போய்ட்டு வர்ற ஆளு, புள்ள எங்கம்மாகிட்ட இருக்கும். உங்களுக்கும் இதே கததான்னா மேல படிங்க. வீட்டுலயே இருக்கீங்கன்னா பம்ப்பே வாங்காதீங்க, காசு மிச்சம். புள்ள உறிஞ்சுற மாதிரி எந்த மெஷினும் உறிஞ்சாது, அது குடிக்கக் குடிக்கத்தான் பாலும் ஊறும். நான் வீட்டுல இருக்கற நேரமும் ராத்திரி முச்சூடும் நேரடியாத்தான் குடுக்குறேன், பம்ப் ஆபீஸ் நேரத்துக்கு மட்டும்.

1. பம்ப் வாங்குறது

ஒரு நாளைக்கு ஒருதடவ எடுத்தா போதும்னா கைப்பம்பே வாங்குங்க, சத்தம் இல்ல, கரண்ட் வேணாம், ஹேண்ட்பேக்ல அடங்கும். ரெண்டு மூணு தடவைன்னா கை விட்டுப் போயிரும், சார்ஜ் போடுற பம்ப்தான் சரி.

2. புனல் சைஸ் (இத மட்டும் தாண்டிப் போயிராதீங்க)

மார்புல வைக்கிற அந்தப் புனல் பெரும்பாலும் 24 மிமீ சைஸ்லதான் பாக்ஸுல வருது. எனக்கு அத வச்சு எடுத்தா கண்ணுல தண்ணி வந்துச்சு, பாலு வரல. வேகத்தக் கூட்டுன்னு ஆளாளுக்கு சொல்வாங்க, கேக்காதீங்க, வலிச்சா பால் எறங்காது. பள்ளிக்கூட ஸ்கேல் ஒண்ணு எடுத்து காம்போட அடியில குறுக்க எத்தன மிமீன்னு பாருங்க, சுத்தி இருக்கற கருப்ப சேர்க்காம காம்பு மட்டும். அதோட ஒண்ணுல இருந்து மூணு மிமீ கூட்டுனா உங்க சைஸ். எனக்கு 16 வந்துச்சு, அப்ப 24 எப்படி சேரும்? புனலுக்குள்ள போடுற சிலிக்கான் வளையம் தனியா விக்கிது, 18 வாங்கிப் போட்டதும் வலி போச்சு. காம்பு குழாய் ஓரத்துல உரசி செவந்தா சைஸ் சின்னது, கருப்பும் சேர்ந்து உள்ள இழுபட்டா பெருசு.

3. எடுக்கறது

கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, வெதுவெதுன்னு துணி ஒத்தடம் குடுத்து லேசா நீவி விடுங்க. மொதல்ல சின்னச் சின்னதா வேகமா இழுக்கணும், பால் சொட்ட ஆரம்பிச்சதும் மெதுவா நீளமா. 15, 20 நிமிஷம் போதும். புள்ள வீடியோவ பாத்துக்கிட்டே எடுத்தா சட்டுனு எறங்கும். பாட்டில்ல கொஞ்சமா இருக்கேன்னு பதறாதீங்க, பம்ப்புல வர்றது உங்ககிட்ட இருக்கற பாலோட கணக்கு இல்ல. பால்சுறா புட்டு தின்னா ஊறும்னு மாமியார் செஞ்சு தருவாங்க, ருசியாத்தான் இருக்கும் சாப்பிடுங்க, ஆனா மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும்.

4. வைக்கிறது

25 டிகிரி வரைக்கும் வெளிய 4 மணி நேரம் இருக்கும்னு போட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல 25 டிகிரி மார்கழி விடியக்காலைல கெடைச்சா உண்டு. அதனால எடுத்த கையோட ஐஸ் பேக் போட்ட கூல் பேக்ல வச்சிருங்க, 24 மணி நேரம் தாங்கும். மீன் ஐஸ நொறுக்கிப் போட்டுத் தரவான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, ஐயோ வேணாம், அது எந்தத் தண்ணின்னே தெரியாது, வாடை வேற. பிரிட்ஜ்ல கதவுல வைக்காம உள்பக்கமா வச்சா 4 நாள். நல்ல ஃப்ரீசர்ல 6 மாசம் வரைக்கும் வைக்கலாம், ஆனா ஒத்தக் கதவு பிரிட்ஜோட ஐஸ் தட்ட நான் நம்புறதில்ல.

5. குடுக்கறது

பாத்திரத்துல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அதுக்குள்ள பாட்டில வச்சு எடுங்க, அடுப்பும் மைக்ரோவேவும் கூடாது. எங்கம்மா பாலாடையிலதான் புகட்டுவாங்க, எனக்கும் அதான் பிடிக்கும், ஃபீடிங் பாட்டில்ல சுலபமா வந்து பழகிட்டா சில புள்ளைங்க மார்புல குடிக்க அடம்பிடிக்கும். மிச்சம் வச்சத 2 மணி நேரத்துக்குள்ள குடுக்கலன்னா கீழ ஊத்திருங்க, மனசு வலிக்கத்தான் செய்யும்.

பின்னாடி சேர்த்தது: பம்ப் திடீர்னு இழுக்க மாட்டேங்குதுன்னு பெரியபட்டினத்துல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க. அந்தச் சின்ன சிலிக்கான் வால்வ கழட்டிப் பாருங்க, நம்ம போர் தண்ணில கொதிக்க வச்சா வெள்ளையா உப்பு படிஞ்சு வாய் சரியா மூடாது. குழாய்ல வர்ற காவிரித் தண்ணிலயோ கேன் தண்ணிலயோ கொதிக்க வைங்க, கிழிஞ்சிருந்தா புதுசு மாத்துங்க.

இன்னொருத்தங்க பிரிட்ஜ்ல வச்ச பால் சோப்பு வாடை அடிக்குதுன்னு கொட்டிட்டாங்களாம். கொட்டாதீங்க, பால்ல இருக்கற லைப்பேஸ்ங்கற நொதி கொழுப்ப உடைக்கிறதுனால வர்ற வாடை அது, கெட்டுப் போகல. புள்ள குடிச்சா குடுங்க. முகத்த சுளிச்சா, அடுத்த தடவ எடுத்த உடனே ஓரத்துல சின்னக் குமிழ் வர்ற வரைக்கும் மட்டும் அடுப்புல சூடாக்கி (மேல அடுப்பு கூடாதுன்னது புள்ளைக்குக் குடுக்கறப்ப), கொதிக்க விடாம எறக்கி, சட்டுனு ஆறவச்சு அப்புறம் பிரிட்ஜ்ல வைங்க.