முதல் வரைபலகை: நிறைகுடம் பருக்காமல் வாங்குவதும் பொருத்துவதும்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டின் முன்னறையில் இருந்து கலியாண அழைப்பிதழும் கோயில் திருவிழாப் பதாகையும் வடிவமைத்துக் கொடுக்கும் எனக்கு, கணினியோடு இணைத்துப் பேனையால் கீறும் முதல் வரைபலகையை வாங்கிய வாரத்தில் கீறிய நிறைகுடங்கள் எல்லாம் ஒரு சுற்றுப் பருத்தே வந்தன. பலகையில் பழுது என்றெண்ணித் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்ட பிறகே, பழுது பலகையில் இல்லை, நான் தவறவிட்ட ஓர் அமைப்பில் இருந்தது என்பது புரிந்தது. அந்த இடத்தை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில், திரையுள்ளதா, திரையில்லாததா என்பதைத் தீர்மானியுங்கள். கையிலுள்ள பணம் மட்டுப்பட்டதென்றால் திரையில்லாததையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. திரையுள்ளவை பல மடங்கு விலையானவை என்பதோடு, பழைய மடிக்கணினிகளுக்குக் கூடுதல் சுமையாகவும் அமைந்துவிடும். கை ஓரிடத்திலும் கண் இன்னோரிடத்திலும் இருப்பது முதல் சில நாட்கள் தடுமாற்றமாகத்தான் இருக்கும். தினமும் அரை மணி நேரம் கோடும் வட்டமும் கீறிப் பழகினால் அது போய்விடும். கடையில் ‘பென் டேப்லட்’ என்று கேளுங்கள். ‘டேப்லட்’ என்று மட்டும் கேட்டால் பெரிய கைபேசியை எடுத்து நீட்டுவார்கள்.

அடுத்தது அளவு. ஹூயோன் எச்640பி பலகையில் வரையக்கூடிய பரப்பு 160 × 100 மி.மீ.; ‘வன் பை வாகொம்’ சிறிய பலகையில் 152 × 95 மி.மீ.; எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 பலகையில் 10 × 6.25 அங்குலம். மணிக்கட்டை மட்டும் அசைத்து எழுத்தும் பூவேலையும் கீறுபவருக்கு முதலிரண்டும் போதும். தோளிலிருந்து கையை வீசி வரைபவருக்கு மூன்றாவது வசதி. பதாகை பெரிது என்பதற்காகப் பலகையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் அச்சின் தெளிவைத் தீர்மானிப்பது கணினியிலுள்ள கோப்பே அன்றிப் பலகையின் பருமன் அன்று.

“மகள், எண் கூடினதை எடுங்க” என்று கடைக்காரர் எனக்குச் சொன்ன அந்த எண், பேனையின் அழுத்த நிலைகளை, அதாவது மெதுவாக ஊன்றுவதற்கும் அழுத்தி ஊன்றுவதற்கும் இடையே பலகை பிரித்தறியும் படிகளைக் குறிப்பது. வன் பை வாகொமில் 2048, எச்640பியில் 8192. இந்த வேறுபாட்டை என் கை இன்றுவரை உணர்ந்ததில்லை. ஆகவே அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். கொடுக்க வேண்டிய பணத்தை மின்கலம் வேண்டாத பேனைக்குக் கொடுங்கள். அப்பேனை பலகையின் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தியைப் பெறுவதால், நாளை அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போக வேண்டிய இரவில் திடீரென நின்றுவிடாது. மாற்று முனைகள் எத்தனை வருகின்றன என்பதையும், அவை தீர்ந்தபின் தனியே வாங்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; சொரசொரப்பான பரப்பு முனையைத் தேய்த்துவிடும். இரண்டு விரல் கையுறை அவசியமா என்று கேட்பவர்களுக்கு: தொடுகையை உணராத பலகையில் அதன் வேலை வியர்த்த கை ஒட்டாமல் வழுக்கிச் செல்ல உதவுவது மட்டுமே. மட்டக்களப்பின் மே மாத வெயிலில் அதுவே பெரிய உதவி.

இனி, என்னைத் தடுக்கி விழுத்திய இடம். மேலே சொன்ன மூன்று பலகைகளினதும் நீள அகல விகிதம் 16:10. பல மடிக்கணினித் திரைகளின் விகிதமோ 16:9. முழுப் பலகையையும் முழுத் திரைக்கும் பொருத்திவிட்டால், கை அசைவு கிடையாக மட்டும் சற்று இழுபடும். கடதாசியில் 9 செ.மீ. அகலமாகக் கீறிய குடம், உயரத்தோடு ஒப்பிடுகையில் 10 செ.மீ. அகலமுள்ளதுபோல் திரையில் விழும். திரையைப் பார்த்தே வரையும்போது கண் இதைத் தானாகச் சரிசெய்துவிடுவதால் தெரியாது. நான் பென்சில் படத்தைப் பலகையின்மேல் வைத்து ஒற்றியெடுத்ததால்தான் குடத்தின் வயிறும் மாவிலைகளும் பருத்துக் காட்டிக்கொடுத்தன. பலகையைக் கணினியோடு இயங்கவைக்கும் இயக்கி (டிரைவர்) மென்பொருளில் வரையும் பகுதிக்கான பக்கத்தைத் திறந்து, திரையின் விகிதத்துக்குப் பொருத்தும் தெரிவைச் சொடுக்குங்கள். அத்தெரிவு இல்லையென்றால், 160 × 100 பலகையில் உயரத்தை 90 என்று நீங்களே குறையுங்கள். பின்னர் ஒரு தேநீர்க் குவளை மூடியைப் பலகையில் வைத்துச் சுற்றிக் கீறிப் பாருங்கள். திரையில் வட்டம் வட்டமாக விழுந்தால் சரி.

இயக்கியை நிறுவுமுன், வேறு பலகைக்காக முன்பு நிறுவிய இயக்கி ஏதும் இருந்தால் அதை நீக்கிவிட்டுக் கணினியை மீளத் தொடக்குங்கள். இரண்டு இயக்கிகள் ஒரே கணினியில் இருந்தால் அழுத்தம் வேலைசெய்யாமல் போவதுண்டு. வின்டோஸில் பேனையை ஊன்றிய இடத்தில் சிறு வளையம் தோன்றிக் கோடு தாமதமானால், ‘பென் அண்ட் டச்’ அமைப்பில் அழுத்திப் பிடித்தால் வலச்சொடுக்கு என்ற தெரிவை நிறுத்துங்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். வரைவதற்குக் கிரிட்டாவும், எழுத்துக்கும் சின்னங்களுக்கும் இங்க்ஸ்கேப்பும் இலவசம். எனது அழைப்பிதழ்களில் பெரும்பாலானவை இவ்விரண்டிலும் பிறந்தவையே.

பிற்சேர்க்கை: இதைப் படித்துப் பலகை வாங்கிய அக்கரைப்பற்றுத் தங்கை ஒருவர், கோடு விழுகிறது, ஆனால் தடிப்பு மாறவில்லை என்று எழுதியிருந்தார். கிரிட்டாவின் அமைப்புகளில் ‘டேப்லட்’ பக்கத்தில் பேனையின் அழுத்தத்தை மென்பொருளுக்குக் கொண்டுசேர்க்கும் வழிகளான வின்டேப், வின்டோஸ் இங்க் என்ற இரண்டில் ஒன்றைத் தெரியலாம். இயக்கியிலுள்ள வின்டோஸ் இங்க் தெரிவும் அதுவும் ஒத்துப்போகாததே அவருடைய சிக்கல். மாற்றிவிட்டுக் கிரிட்டாவை மூடித் திறந்ததும் சரியாயிற்று. அதே பக்கத்திலுள்ள சோதனைப் பலகத்தில் மெதுவாகவும் அழுத்தியும் கீறி, எண்கள் மாறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கைபேசி மட்டுமே வைத்திருக்கும் மாணவர்களும், பலகை தமக்கு உதவுமா என்று கேட்டிருந்தார்கள். பெட்டியில் ‘அண்ட்ரொய்ட்’ என்று குறிப்பிட்டிருந்தால், பலகையின் யூஎஸ்பி வடத்தைக் கைபேசியில் செருக உதவும் ஓடிஜி இணைப்பியுடன் பயன்படுத்தலாம். ஆனால் கைபேசியை நிமிர்த்திப் பிடிக்கையில் பல பலகைகளில் ஒரு பகுதி மட்டுமே உயிரோடு இருக்கும் என்பதால், அவர்கள் மிகச் சிறிய பலகையை வாங்காதிருப்பது நல்லது. இடக்கைக்காரர்கள் பலகையை நேர்மாறாகத் திருப்பி வைத்து, இயக்கியில் 180 பாகை என்பதைத் தெரிந்துவிட்டால், பொத்தான்கள் வலக்கைப் பக்கம் வந்துவிடும்.